சென்னையிலிருந்து பறப்பவர் மைல்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேள்வி இது: "வீடு சென்னையில். அலுவலக வேலையாக மாதம் ஒருமுறை டெல்லி அல்லது மும்பை போவேன். பெரும்பாலும் இண்டிகோ, சில சமயம் ஏர் இந்தியா. மகள் சிங்கப்பூரில், ஆண்டுக்கு இரண்டு தடவை அங்கே. மகன் சிகாகோவில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மனைவியோடு, எது மலிவோ அதில் போய் வருவோம். நாலைந்து விமான நிறுவனங்களில் உறுப்பினர் எண் இருக்கிறது. எதிலும் ஒன்றும் தேறவில்லை. எதில் சேர்ந்தால் உருப்படியாக இருக்கும்?"

தேறாததற்குக் காரணமே அந்த நாலைந்து எண்கள்தான். இங்கே இரண்டாயிரம், அங்கே மூவாயிரம் என்று மைல் (பறப்பதற்கு நிறுவனம் தரும், சேர்த்தால் டிக்கெட்டாக மாற்றக்கூடிய புள்ளி) சிதறிக் கிடந்தால் எந்தக் கணக்கும் ஒரு டிக்கெட் அளவுக்கு வளராது. வளர்வதற்குள் காலாவதி தேதி வந்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கணக்கில் கொட்டுவதும் சரியில்லை. உங்கள் மூன்று வகைப் பயணங்களுக்கும் குணம் வேறு வேறு.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்கலாம். எந்த நிறுவனத்தின் விமானத்தில் ஏறுகிறீர்களோ அதன் திட்டத்தில்தான் மைல் சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பயணத்தின் மைல் ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும். எந்தக் கணக்கு என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போய்விட்டு மைலை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் போடலாம், யுனைடெட்டின் மைலேஜ்பிளஸில் போடலாம், ஏர் கனடாவின் ஏரோபிளானிலும் போடலாம். இவையெல்லாம் ஒரே கூட்டணி, அதாவது ஒன்றின் பயணத்துக்கு மற்றொன்றில் மைல் சேர்க்க அனுமதிக்கும் விமான நிறுவனக் குழு. ஆக, "எந்த விமானத்தில் போகிறேன்" என்பது ஒரு கேள்வி, "எந்தக் கணக்கில் சேர்க்கிறேன்" என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

சென்னைக்கு வந்துபோகும் நிறுவனங்களைக் கூட்டணிவாரியாகப் பார்த்தால் படம் தெளிவாகும். ஸ்டார் அலையன்ஸில் ஏர் இந்தியா (2014 ஜூலையில் சேர்ந்தது), சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ். ஒன்வேர்ல்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ், கேத்தே. மூன்றாவது கூட்டணியான ஸ்கைடீம் சென்னைக்காரருக்கு அவ்வளவாகப் பயன்படாது. எமிரேட்ஸும் எதிஹாதும் எந்தக் கூட்டணியிலும் இல்லை; இண்டிகோவும் அப்படித்தான், அது சில வெளிநாட்டு நிறுவனங்களோடு தனித்தனியாகக் கோட்ஷேர் (ஒரு நிறுவனம் ஓட்டும் விமானத்தை இன்னொன்று தன் பெயரில் விற்பது) மட்டும் வைத்திருக்கிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைப் பெயரைப் பார்த்து ஏர் இந்தியாவோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள். அது ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் அல்ல.

உங்கள் பயணங்களில் சிங்கப்பூர் ஸ்டாரில் வருகிறது, ஏர் இந்தியாவும் ஸ்டாரில் வருகிறது, சிகாகோவும் ஃபிராங்க்ஃபர்ட் வழி போனால் ஸ்டார்தான். அதனால் எடை ஸ்டார் பக்கம் சாய்கிறது. ஆனால் ஸ்டாருக்குள் எந்தத் திட்டம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

கடந்த 24 மாத இ-டிக்கெட்டுகளை மின்னஞ்சலில் தேடி எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், விமானத்தை ஓட்டிய நிறுவனம், புக்கிங் கிளாஸ் எழுத்து. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எகானமி என்பது ஒரே வகுப்பு அல்ல. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் டிக்கெட்டில் 'ஒய்' என்றும் மற்றவர் டிக்கெட்டில் 'கே' என்றும் இருக்கலாம். முன்னவருக்குப் பறந்த தூரம் முழுவதும் மைலாகச் சேரும். பின்னவருக்குப் பாதி, கால், சில கூட்டாளி நிறுவனங்களில் சுத்தமாகப் பூஜ்யம். தள்ளுபடி டிக்கெட் வாங்கிவிட்டு "மைலே வரவில்லை" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான். மைல் தொலையவில்லை, அந்த எழுத்துக்கு மைலே கிடையாது.

இந்த விகிதம் ஒவ்வொரு திட்டத்திலும் வேறு. லுஃப்தான்சாவின் அதே மலிவு எழுத்துக்கு ஒரு திட்டம் கால் பங்கு தரும், இன்னொன்று பாதி தரும். திட்டத்தின் இணையதளத்தில் 'பார்ட்னர்' பகுதிக்குள் போனால் நிறுவனம் வாரியாக எழுத்துப் பட்டியலும் சதவீதமும் இருக்கும். சேர்வதற்கு முன் உங்கள் பழைய டிக்கெட்டுகளின் எழுத்துகளை அந்தப் பட்டியலில் வைத்துப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் ஆகும். முடிவில் பாதி அங்கேயே வந்துவிடும்.

இப்போது உங்கள் கணக்கு. சென்னை–சிங்கப்பூர் ஒருவழி சுமார் 1,800 மைல். ஆண்டுக்கு இரண்டு முறை போய்வந்தால் 7,200. முழு விகிதம் கிடைத்தால் மூன்று ஆண்டில் 21,600. பாதி விகிதம் என்றால் 10,800. சிகாகோவுக்கு ஃபிராங்க்ஃபர்ட் வழி ஒருவழி ஏறத்தாழ 9,000, போய்வர 18,000. மலிவு டிக்கெட்டில் பாதி என்று வைத்தால் ஆளுக்கு 9,000. சென்னை–டெல்லி ஒருவழி சுமார் 1,100.

மூன்று ஆண்டு என்று கணக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மைலின் ஆயுள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். உங்களைப் போல நடுத்தரமாகப் பறப்பவருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான், லவுஞ்சை (விமான நிலைய ஓய்வறையை) அல்ல. கிரிஸ்ஃப்ளையர் மைல் சேர்ந்ததிலிருந்து 36 மாதத்தில் போய்விடும். இடையில் நீங்கள் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைலின் தேதி நகராது. கட்டணம் கட்டிச் சில மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவே. எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸிலும் மூன்று ஆண்டுதான். அங்கே உங்கள் பிறந்த மாதத்தின் கடைசியில் முடியும். இவை கறாரான காலாவதி. கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவற்றின் மைலான அவியோஸ் அப்படியல்ல: 36 மாதத்துக்குள் கணக்கில் ஏதாவது ஒரு வரவோ செலவோ இருந்தால் மொத்தத்துக்கும் ஆயுள் புதுப்பிக்கப்படும். ஏரோபிளானும் கேத்தேயும் இதே மாதிரிதான், ஆனால் கெடு 18 மாதம். யுனைடெட் 2019 ஆகஸ்டில் காலாவதியையே எடுத்துவிட்டது. டெல்டா மைலுக்கும் காலாவதி இல்லை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பறப்பவர் கறாரான காலாவதி உள்ள திட்டத்தில் சேர்ந்தால் ஒரு பயணத்தின் மைல் அடுத்த பயணத்தின் மைலோடு கைகோர்ப்பதற்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் போய்விடும். இந்த இடத்தில் உங்கள் மனைவியின் விஷயம் உங்களிடமிருந்து பிரிகிறது. அவர் சிகாகோ பயணத்துக்கு மட்டும் வருகிறார் என்றால் அவருடைய 9,000 மைலைக் கிரிஸ்ஃப்ளையரில் போடுவது வீண். அங்கே உங்கள் கணக்கிலிருந்து அவருக்கு டிக்கெட் எடுக்க முடியும். பயனாளிகளாக ஐந்து பேரைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவர் மைலை உங்கள் மைலோடு கலக்க முடியாது. ஸ்டார் நிறுவனத்தில் பறந்தால் அவருக்கு யுனைடெட் கணக்கு பொருத்தம்: தொகை சிறிதாக இருந்தாலும் கெடாமல் கிடக்கும். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே திட்டம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குடும்பமாகவே எப்போதும் பறப்பவர்கள் என்றால் கணக்கைச் சேர்த்துவைக்கும் வசதி உள்ள திட்டமே முதல் தேர்வு. எமிரேட்ஸில் எட்டுப் பேர் வரை ஒரே குடும்பக் கணக்கில் சேரலாம். கத்தாரிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் ஏரோபிளானிலும் இதற்கு வழி உண்டு. நாலு பேர் குடும்பம் ஒன்று அமெரிக்கா போய்வந்து ஆளுக்கு 9,000 என்று நாலு கணக்கில் வைத்திருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதே 36,000 ஒரே இடத்தில் இருந்தால் ஒரு டிக்கெட்டாவது பேசும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் காசு கட்டி மாற்றும் வசதியைச் சில திட்டங்கள் விளம்பரப்படுத்தும். அந்தக் கட்டணம் பெரும்பாலும் மைலின் மதிப்பில் பாதியைத் தின்றுவிடும்.

அடுத்து ஸ்டேட்டஸ். மைல் செலவழிக்கிற காசு; ஸ்டேட்டஸ் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் எவ்வளவு பறந்தீர்கள் என்பதற்குக் கிடைக்கும் தகுதி. இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். கார்டில் செலவழித்து வாங்கும் மைல் பொதுவாக ஸ்டேட்டஸில் எண்ணப்படாது. கிரிஸ்ஃப்ளையரில் எலைட் சில்வருக்கு 12 மாதத்தில் 25,000 எலைட் மைல் (ஸ்டேட்டஸுக்கு எண்ணப்படும் மைல்), எலைட் கோல்டுக்கு 50,000. கூட்டணி அளவில் இவை ஸ்டார் சில்வர், ஸ்டார் கோல்டு. உங்கள் சிங்கப்பூர்ப் பயணம் முழு விகிதத்திலேயே 7,200தான். சிகாகோ போகும் ஆண்டில்கூட 50,000 எட்டாது.

25,000 எட்டினாலும் பெரிதாகச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஸ்டார் கோல்டு என்றால் ஒரு விருந்தாளியோடு லவுஞ்ச், 20 கிலோ அல்லது ஒரு பெட்டி கூடுதல், பெட்டிக்கு முன்னுரிமை என்று கையில் பிடித்துக் காட்டும்படி சலுகை உண்டு. ஸ்டார் சில்வர் என்றால் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை. கூட்டணி அளவில் அவ்வளவே. சில்வருக்காக வழியை மாற்றி, நாலாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து டிக்கெட் வாங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒன்வேர்ல்டிலும் கதை இதுதான்: கீழ்ப்படியான ரூபி ஒன்றுக்கும் உதவாது, அடுத்த படியான சஃபையரிலிருந்துதான் லவுஞ்ச் கதவு திறக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும்போது யுனைடெட்டின் சொந்த கோல்டு உறுப்பினருக்கு அந்த ஸ்டேட்டஸை வைத்து யுனைடெட் லவுஞ்சுக்குள் போக முடியாது. வேறொரு ஸ்டார் நிறுவனத்தின் கோல்டு உறுப்பினர் அதே விமானத்தில் போனால் உள்ளே விடுவார்கள். ஊர்க்காரனை வாசலில் நிறுத்திவிட்டு வெளியூர்க்காரனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற விதி. அமெரிக்காவில் வசிக்கிற, அடிக்கடி உள்ளூரில் பறக்கிற உங்கள் மகனுக்கு இது தெரிந்திருந்தால் பயன்படும்.

ஸ்டேட்டஸைத் துரத்தலாமா வேண்டாமா என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பல நிறுவனங்கள் தூரத்தை விட்டுவிட்டுச் செலவைப் பார்த்துத் தகுதி தருகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு டியர் பாயிண்ட் (ஸ்டேட்டஸுக்கான புள்ளி) என்று மாற்றி, கோல்டுக்கு 20,000 என்று வைத்துவிட்டது. சொந்தக் காசில் எகானமியில் போகிறவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஏர் இந்தியாவும் 2024இல் பாயிண்டை ரூபாய்க் கணக்குக்கு மாற்றியது. ஆனால் அது உங்களுக்குச் சாதகம். அலுவலகம் கடைசி நேரத்தில் வாங்கும் விலை உயர்ந்த டெல்லி டிக்கெட்டில் தூரம் கொஞ்சம், ரூபாய் அதிகம். தூரம் பார்க்கும் திட்டத்தில் 1,100 மைலில் ஒரு பங்குதான் கிடைக்கும். ரூபாய் பார்க்கும் திட்டத்தில் விலைக்கேற்ற பாயிண்ட் வரும். ஆகவே குறுந்தூரம், அதிக விலை என்றால் செலவுக் கணக்குத் திட்டம். நெடுந்தூரம், மலிவு விலை என்றால் தூரக் கணக்குத் திட்டம். இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதித் தவறுகள் குறையும்.

சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசினோம், செலவழிப்பதில்தான் உண்மையான வித்தியாசம். மைலில் எடுக்கும் டிக்கெட் இலவசம் இல்லை. விமான நிலையக் கட்டணமும் வரிகளும் கையிலிருந்து போகும். அதோடு எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒன்றைப் பல நிறுவனங்கள் மைல் டிக்கெட்டிலும் வசூலிக்கும். டிக்கெட் விவரத்தில் 'ஒய்கியூ' அல்லது 'ஒய்ஆர்' என்று இரண்டெழுத்தில் ஒளிந்திருக்கும். ஐரோப்பிய நிறுவனங்களில் நெடுந்தூரத்துக்கு இது கனமாக இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களுக்கு எடுக்கும் மைல் டிக்கெட்டில் 2017இல் இதை நீக்கியது. யுனைடெட்டும் ஏரோபிளானும் மைல் டிக்கெட்டில் இதைச் சேர்ப்பதில்லை. ஒரே லுஃப்தான்சா இருக்கையை எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கைக்காசு பல ஆயிரம் ரூபாய் மாறும். லண்டனிலிருந்து புறப்படும் டிக்கெட்டில் பிரிட்டன் அரசின் பயணிகள் வரியும் சேரும், மேல் வகுப்புக்கு இன்னும் அதிகம். அதிலிருந்து எந்தத் திட்டமும் தப்புவிக்காது.

மைல் டிக்கெட் லாபமா என்று பார்க்க ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும். உதாரணத்துக்கு: அதே நாள், அதே விமானம் காசுக்கு ₹24,000. மைலில் எடுத்தால் 12,000 மைலும் ₹6,000 கைக்காசும். 24,000இல் 6,000 கழித்தால் 18,000. அதை 12,000ஆல் வகுத்தால் மைலுக்கு ஒன்றரை ரூபாய். காசு டிக்கெட் வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் மைலையும் கழித்துப் பார்ப்பது இன்னும் நேர்மை. இதே டிக்கெட் சலுகை விலையில் ₹13,000க்கு வந்தால் மைலின் மதிப்பு அறுபது பைசாவுக்கும் கீழே போய்விடும். அன்று காசு கொடுத்து வாங்குங்கள், மைலைப் பொங்கல், பள்ளி விடுமுறை மாதிரி விலை ஏறும் நாட்களுக்கு வைத்திருங்கள். ஆனால் அந்த நாட்களில் மைல் இருக்கைக்கும் போட்டி. ஏறத்தாழ 11 மாதம் முன்பே இருக்கை திறக்கும்போது பார்த்தால் கிடைக்கும். ஒரு மாதம் முன்பு தேடினால் இருக்கிறதெல்லாம் இரட்டை விலை மைல்தான்.

கூட்டாளி நிறுவனத்தின் மைலில் எடுக்கும்போது ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு விமானத்திலும் மலிவு மைல் விலைக்கு என்று ஒதுக்கிய சில இருக்கைகளைத்தான் கூட்டாளிகளுக்குக் காட்டுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நெடுந்தூர பிசினஸ் கிளாஸ் இருக்கைகளைப் பெரும்பாலும் தன் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்ளும். யுனைடெட் மைல் லட்சக்கணக்கில் இருந்தாலும் அங்கே அந்த இருக்கை கண்ணில் படாது. எனவே பின்னால் எந்த நிறுவனத்தில் மைலைச் செலவழிக்க ஆசையோ அந்த நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

கிரெடிட் கார்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு சிங்கப்பூர்ப் பயணம் மட்டும் எந்தக் கணக்கையும் நிரப்பாது. வீட்டுச் செலவு நிரப்பும். எச்டிஎஃப்சி, ஆக்சிஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகியவற்றின் சில கார்டுகளில் பாயிண்டை விமான மைலாக மாற்றலாம். மூன்றிலும் கிரிஸ்ஃப்ளையர் உண்டு. விகிதம் கார்டுக்குக் கார்டு மாறும், வங்கிகள் அடிக்கடி குறைக்கவும் செய்யும், ஆண்டு உச்சவரம்பும் இருக்கலாம். மாற்றியதைத் திருப்ப முடியாது. அதனால் மைல் இருக்கை கண்ணுக்குத் தெரிந்த பிறகே பாயிண்டை மாற்றுங்கள். கார்டிலேயே பாயிண்ட் இருக்கும் வரை நாலைந்து திட்டங்களுக்கு அது பொதுப் பணம். மாற்றிய கணத்தில் 36 மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

மைலைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதும் ஆபத்துதான். கிங்ஃபிஷர் 2012இல் பறப்பதை நிறுத்தியபோது அதன் கிங் கிளப் மைல்களும் அதோடு போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது; அதன் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தது, ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கிளப் விஸ்தாரா கணக்குகள் அங்கே மாறின. ஏர் இந்தியா திட்டத்தின் பெயரும் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸிலிருந்து மகாராஜா கிளப் ஆகிவிட்டது. கூட்டணியும் நிலையல்ல: ஸ்டாரைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் ஒன்றான ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸே 2024 செப்டம்பரில் ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. நிறுவனம் நன்றாகவே ஓடினாலும் மைல் விலை ஏறும், சொல்லாமலும் ஏறும். ஒரு டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

இனி உங்களுக்கு என்ன செய்யச் சொல்வேன் என்பது. முதன்மைக் கணக்கு கிரிஸ்ஃப்ளையர். சிங்கப்பூர்ப் பயணம் நிச்சயமானது, சொந்த விமான மைல் டிக்கெட்டில் எரிபொருள் கட்டணம் இல்லை, அதன் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட்டில் போனாலும் அதே கணக்குக்கு மைல் வரும், கார்டு பாயிண்டும் வந்து சேரும். 36 மாதக் கெடு இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு பயணமும் கார்டும் சேர்ந்தால் அதற்குள் ஒரு சென்னை–சிங்கப்பூர் டிக்கெட்டாவது எடுக்க முடியும். செலவழிக்கும் இடமும் அதுவே. ஏர் இந்தியா அலுவலகப் பயணத்தை மகாராஜா கிளப்பில் விடுங்கள்; காரணம் மேலே சொன்ன ரூபாய்க் கணக்கு. இண்டிகோவுக்கு அதன் சொந்தத் திட்டமான புளூசிப் தவிர வேறு வழி தேட வேண்டாம். அது இண்டிகோவிலேயே செலவழியும் சின்னக் காசு; சேர்ந்த அளவுக்கு அடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் கழித்துக்கொள்ளுங்கள், அதைப் பெருக்க யோசிக்காதீர்கள்.

சிகாகோ டிக்கெட்டை மைலுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆளுக்கு விலை வித்தியாசம் முப்பதாயிரம் இருக்கும்போது 9,000 மைல் என்ன மதிப்பு பெறும் என்று மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். விலை, இறங்கி மாறும் நேரம், பெட்டி எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். வாங்கியது ஸ்டாரில் வந்தால் உங்களுக்குக் கிரிஸ்ஃப்ளையர், மனைவிக்கு யுனைடெட். கத்தார் வழி வந்தால் இருவரும் கத்தாரில் சேர்ந்து குடும்பக் கணக்காக இணைத்துக்கொள்ளுங்கள். அந்த அவியோஸ் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்குக்கும் ஒன்றுக்கு ஒன்றாக மாறும்.

மற்ற சில பயண வழக்கங்களுக்குச் சுருக்கமாக. வளைகுடாவில் வேலை செய்து ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வருபவர், ஒவ்வொரு முறையும் எது மலிவோ அதில்தான் வருவார் என்றால் திட்டத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எப்போதும் துபாய் வழிதான், எமிரேட்ஸ்தான் என்றால் ஸ்கைவார்ட்ஸ். அங்கே சில்வருக்குத் தூரம் எட்டாதவருக்கும் ஆண்டில் 25 விமானம் என்ற எண்ணிக்கைக் கணக்கு உண்டு, எடைக் கணக்கு உள்ள வழிகளில் சில்வரிலிருந்தே கூடுதல் கிலோ கிடைக்கும். சென்னை–கொழும்பு அடிக்கடி போகிறவருக்கு வழி 400 மைல்தான், தூரக் கணக்கில் எதுவும் சேராது. ஆனால் செலவழிக்கும் பக்கம் திருப்பிப் பார்த்தால் தூரத்தை வைத்து விலை போடும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவியோஸுக்கு ஸ்ரீலங்கனின் இந்தச் சின்ன வழி மலிவான கொள்முதல்.

கடைசியாக, எந்தத் திட்டமானாலும் மைல் வந்து சேர வேண்டுமே. நம் ஊரில் அது தடுக்கி விழும் முதல் இடம் பெயர். கணக்கில் 'எஸ். முருகன்', டிக்கெட்டில் 'முருகன் சுப்ரமணியன்' என்றால் கணினி இரண்டையும் வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். கணக்குத் தொடங்கும்போது பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று எது எங்கே இருக்கிறதோ அதே வரிசையில், இனிஷியலை விரித்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பவர்களுக்குச் சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். அமெரிக்க விசாவிலோ 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று முன்னால் வந்து நிற்கும். டிக்கெட்டில் எந்த வடிவம் வருகிறதோ அதே வடிவம் கணக்கிலும் இருக்க வேண்டும். பின்னால் திருத்த வேண்டுமென்றால் பாஸ்போர்ட் நகல் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இரண்டாவது இடம், அலுவலகப் பயண டெஸ்கும் டிக்கெட் தளங்களும். அங்கே கொடுத்த உறுப்பினர் எண் பல சமயம் விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேராது. டிக்கெட் வந்ததும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஆறெழுத்து பிஎன்ஆரைப் போட்டுத் திறந்து, எண் இருக்கிறதா என்று பாருங்கள். கோட்ஷேர் என்றால் விற்ற நிறுவனத்துக்கும் ஓட்டும் நிறுவனத்துக்கும் வேறு வேறு பிஎன்ஆர் இருக்கும், இரண்டிலும் பாருங்கள். செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸில் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் எண் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கவுன்டரிலேயே போடச் சொல்லலாம்.

அப்படியும் மைல் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்துத் திட்டத்தின் தளத்தில் விடுபட்ட மைல் கோரிக்கைப் படிவத்தை நிரப்புங்கள். அதற்கு 13 இலக்க டிக்கெட் எண் வேண்டும், பிஎன்ஆர் போதாது. முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும்: 618 சிங்கப்பூர், 098 ஏர் இந்தியா, 220 லுஃப்தான்சா, 157 கத்தார், 176 எமிரேட்ஸ். நீங்கள் பறந்தது லுஃப்தான்சாவில், எண் 098இல் தொடங்குகிறது என்றால் டிக்கெட்டை விற்றது ஏர் இந்தியா. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் இதைப் பாருங்கள், பிறகு புக்கிங் கிளாஸ் எழுத்தைப் பாருங்கள். பறந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டுவிடுவது நல்லது. கூட்டாளி நிறுவனப் பயணத்துக்குப் போர்டிங் பாஸ் நகலும் கேட்பார்கள். போனில் இருக்கும் போர்டிங் பாஸ் விமானம் இறங்கிய பிறகு மறைந்துவிடலாம், ஏறும் முன்பே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.